சராசரி எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன்

நான் புத்திசாலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையில் இனி வரப்போகிற எதிலும் அதற்கு ஆதாரம் கிடைக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துமூன்று வயது. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் சைக்காலஜியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். சேலையூரில் எங்கள் காலனிக்காரர்கள் யாருக்கும் எம்.ஃபில். என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. "எம்.ஏ.வுக்கு மேல, டாக்டருக்குக் கீழ, கல்யாணத்துக்கு முன்னாடி" என்று அம்மா விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ அப்போதே டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு. பால் பூத்துக்குப் போனால்கூட வரிசையில் நிற்பவர்களின் கவனச் சிதறலை மனதுக்குள் குறித்துக்கொள்வேன். (பால் பாக்கெட்டை மறந்துவிட்டு வருவேன். அது வேற டிபார்ட்மென்ட்.)

என் ஆராய்ச்சி இதுதான்: சத்தத்துக்கு நடுவில் மனிதர்களுக்கு ஞாபகசக்தி குறைகிறதா? இருபது வார்த்தைகளை நிதானமாகப் படித்துக்காட்ட வேண்டும். குடை, ஏணி, பூட்டு, தேங்காய் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வார்த்தைகள். முடிந்ததும், ஞாபகம் இருப்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பேருக்கு அமைதியான அறையில். இன்னும் பன்னிரண்டு பேருக்குப் பக்கத்தில் டேப் ரிக்கார்டரை அலறவிட்டு.

அந்த கேசட்டில் இருந்தது தாம்பரம் பஸ் ஸ்டாண்டு. ஒரு சாயங்காலம் முழுக்க நானே போய் நின்று பதிவு செய்தது. ஹாரன், விசில், "கேம்ப் ரோடு, கேம்ப் ரோடு", குழந்தை அழுகை, எல்லாம் இருக்கும். நடுவில் ஒரு கண்டக்டர், "இன்னாம்மா, ஏர்றியா, இல்ல டப்பாவ புட்ச்சுகினே நிக்கப் போறியா?" என்று என்னைத் திட்டியதும் பதிவாகிவிட்டது. அழிக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் நேர்மை வேண்டும்.

இருபத்துநான்கு பேரை எங்கே பிடிப்பது? காலனியில்தான். அதற்கு ஒருவரின் அனுமதி வேண்டும். செகரெட்டரி சபாபதி சார்.

சபாபதி சார் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். அது அவருக்குப் பகுதி நேர வேலை. முழு நேர வேலை எங்கள் காலனி நலச் சங்கத்தின் செகரெட்டரி பதவி. தண்ணீர் மோட்டார் ரூம் சாவியும் சங்க அறைச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் விரலில் சுற்றிக்கொண்டிருக்கும். நான் போய்க் கேட்டதும் பெருந்தன்மையாகச் சங்க அறையைத் திறந்துவிட்டார். ஒரே நிபந்தனை, முதல் ஆளாக அவரைத்தான் சோதிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு அமைதியான அறை வந்தது. நான் இருபது வார்த்தைகளையும் படித்து முடித்தேன்.

"பாப்பா, லிஸ்ட்ல ஒரு ஒழுங்கே இல்லியே. அகர வரிசைல போட்டிருக்கலாமே?"

"அது வேணும்னுதான் சார் அப்படி. கேட்டத திருப்பிச் சொல்லுங்க, போதும்."

"சொல்றேன். குடை. ஏணி. ஏணின்னதும் ஞாபகம் வருது, டேங்க்ல ஏர்ற ஏணில ஒரு படி ஒடஞ்சிருக்கு. வெல்டிங் ஆள வரச் சொல்லி மூணு நாளாச்சு. வந்தானா? வரல."

"வேற வார்த்தை சார்?"

"பூட்டு. தேங்காய். இவ்ளோதான முக்கியமானது?"

நாலு. இருபதுக்கு நாலு.

"ரொம்ப நல்லா பண்ணீங்க சார்" என்றேன். எல்லோரிடமும், எப்படிச் செய்திருந்தாலும், அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்ல வேண்டும் என்பது விதி. இன்னொரு விதியும் இருந்தது. மாதக் கடைசியில் அதே ஆட்களை வைத்து இரண்டாவது சுற்று நடத்த வேண்டும். அதனால் நான் என்ன கேட்டேன், அவர்கள் எத்தனை சொன்னார்கள் என்று யாரும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. காலனி இந்த விதியை பப்ளிக் எக்ஸாம் கேள்வித்தாள் மாதிரி காப்பாற்றியது. அப்பாவிடம்கூட அம்மா சொல்லவில்லை. முப்பது வருட தாம்பத்தியத்தில் அவள் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுவாகத்தான் இருக்கும்.

சபாபதி சாரின் மனைவி கோமதி அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டு சீட்டு வந்தது. கையில் ஒரு பழுப்பு கவரோடு வந்தார். கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். அரசாங்க டைப்பிஸ்ட் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார். அவர் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார்.

"இந்த ஸ்பெல்லிங் எல்லாம் கொஞ்சம் பாத்துக் குடுத்துடு பாப்பா. அவருகிட்ட காட்டினா சிவப்பு இங்க்ல திருத்தி மார்ஜின்ல சுழிப்பாரு."

பார்த்துக் கொடுத்துவிட்டு சோதனையை ஆரம்பித்தேன். டேப் அலறியது. கண்டக்டர் என்னைத் திட்டினார். கோமதி அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக, கொத்தமல்லி ஆய்வது மாதிரி, பதினேழு வார்த்தைகளை எடுத்து வைத்தார்.

"சத்தம் ரொம்ப தொந்தரவா இருந்துச்சாக்கா?"

"எந்த சத்தம்?" என்றார்.

அடுத்த பெரிய ஆள் முனுசாமி அண்ணன். காலனி முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். அவருக்கும் பஸ் ஸ்டாண்டுதான். பதினைந்து சொன்னார். "எந்த வூட்டு சட்டை, எந்த வூட்டு பொடவைன்னு நான் இன்னா எய்தியா வச்சுகினு கீறேன்? எல்லாம் இங்கதான்" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

மற்றவர்கள் எல்லாம் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு.

இப்போது ஒரு நிமிஷம் பாடம். (ஓடாதீங்க. சின்னதுதான்.) புள்ளியியலில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று பாராமெட்ரிக். இது சராசரியை நம்பும் கட்சி. எல்லோருடைய மதிப்பெண்ணும் நடுவில் குவிந்து, இரண்டு பக்கமும் அழகாகச் சரிந்து, மேஜைமேல் வைத்த மணி மாதிரி இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கையே ஆரம்பிக்கும். டி-டெஸ்ட் இந்தக் கட்சி. இன்னொன்று நான்பாராமெட்ரிக். அதற்கு மணியும் வேண்டாம், சராசரியும் வேண்டாம். எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து, யார் யாருக்கு முன்னால் என்று ரேங்க் போட்டால் போதும் என்று சொல்லும் கட்சி.

என் கைடு ரோஸ்லின் மேடம் முதல் கட்சி.

"டி-டெஸ்ட் போட்டுட்டு வேலைய முடி வித்யா. நம்ம டிபார்ட்மென்ட்ல எல்லாரும் அதான் போட்டிருக்காங்க. எக்ஸாமினரும் அதான் எதிர்பார்ப்பாரு."

"மேடம், என் டேட்டா மணி மாதிரி இல்ல. சறுக்குமரம் மாதிரி இருக்கு. எல்லாரும் கீழ குமிஞ்சு கெடக்காங்க, ரெண்டே ரெண்டு பேர் உச்சில உக்காந்திருக்காங்க. அந்த ரெண்டு பேரும் சேந்து மொத்த சராசரியையும் இழுத்துட்டுப் போறாங்க. ஆளும் பன்னெண்டு பன்னெண்டு பேர்தான். இதுல போய் சராசரி எடுத்தா பொய் மேடம்."

இருபத்துமூன்று வயதில் நான் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவேன். அதற்கு முந்தின நாள்தான் லைப்ரரியில் அந்த அத்தியாயத்தைப் படித்திருந்தேன் என்பதை மேடத்திடம் சொல்லவில்லை.

மேடம் என் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, ரேங்க்கே போடு. ஆனா கம்ப்யூட்டர் ரூம் பக்கம் போகாத. கையால போட்டு, எப்படிப் போட்டேன்னு பெரிய சார்ட்ல எழுதி செமினார்ல காட்டு" என்றார். (எங்கள் டிபார்ட்மென்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏ.சி. ரூமில் இருந்தது. கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.)

ஜெயித்துவிட்டேன்! பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

ரேங்க் போடுவதில் ஒரு வழக்கம் இருக்கிறது. சின்ன எண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லோரையும்விடக் குறைவாகச் சொன்னவருக்கு ரேங்க் ஒன்று. எல்லோரையும்விட அதிகமாகச் சொன்னவருக்கு ரேங்க் இருபத்துநான்கு. இரண்டு பேர் சமமாக இருந்தால் அந்த இரண்டு இடங்களையும் கூட்டி ஆளுக்குப் பாதி. பன்னிரண்டாவது, பதிமூன்றாவது இடங்களில் எங்கள் அம்மாவும் எதிர்வீட்டு லலிதா ஆன்ட்டியும் சமமாக இருந்தார்கள். ஆகவே ஆளுக்குப் பன்னிரண்டரை.

இது எனக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியும். காலனிக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சார்ட்டை எழுதி முடித்தேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் ரேங்க், பக்கத்தில் பெயர். எத்தனை வார்த்தை என்பது என் நோட்டில் பத்திரமாக இருந்தது. பெயரே எழுதியிருக்கக் கூடாது, வெறும் நம்பர்தான் போட வேண்டும், எம்.ஏ. முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் நம்பரை வைத்து ரேங்க் போட்டபோது மூன்று தடவை குழம்பிவிட்டது. முதலில் பெயரை எழுதிவிட்டு, செமினாருக்கு முன்னால் ஒவ்வொரு பெயர்மேலும் வெள்ளைத் தாள் ஒட்டி நம்பர் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பிரமாதமான முடிவு. தள்ளி நின்று சரிபார்க்க வசதியாக ஹால் சுவரில் மாட்டினேன். பசை வாங்கக் கடைக்குப் போனேன். கால் மணி நேரம்தான்.

அந்தக் கால் மணி நேரத்தில், மோட்டார் நேரம் மாறியதைச் சொல்லச் சபாபதி சார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏண்டி, செகரெட்டரி சார்தான் ஃபர்ஸ்டாமே? சுவர பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. காபியக்கூட குடிக்காம போயிட்டாரு. கண்ணெல்லாம் கலங்கிடுச்சு!"

"ஐயோ அம்மா, அது..."

"அது கெடக்கட்டும். அதென்ன எனக்குப் பன்னெண்டரை? பெத்த பொண்ணு போடற மார்க்கா இது? அந்த லலிதாவுக்கும் எனக்கும் பாகம் பிரிச்சா போடுவ?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் ஆட்கள். சபாபதி சார் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வருகிற மாதிரி வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவருக்கு முன்னால் நின்று, ஒன்றிலிருந்து கீழ்நோக்கி விரலை ஓட்டி, தன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தினார்கள். மேலே இருந்தவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். கீழே இருந்தவர்கள், "எனக்கு அன்னிக்கு லேசா ஜுரம்" என்றார்கள்.

சபாபதி சார் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார்.

"பாப்பா, உண்மைய சொல்லு. நான் நாலே வார்த்தைதான் சொன்னேன். எப்படி ஃபர்ஸ்ட் குடுத்த?"

இதோ, இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் என் கண் அவர் விரலில் சுற்றிய சாவி வளையத்தைப் பார்த்தது. மாதக் கடைசியில் இரண்டாவது சுற்று. அதே அறை, அதே இருபத்துநான்கு பேர். இவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒருவர்கூட வரமாட்டார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார். "புரியுது, புரியுது. எத்தனைங்கறது முக்கியம் இல்ல. சொன்ன விதம்!" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் சங்கத்தின் கரும்பலகையில், 'மோட்டார் நேரம் காலை 6 முதல் 7' என்பதற்கு மேலே, பெரிய எழுத்தில்: 'நினைவாற்றல் ஆராய்ச்சியில் நமது செயலாளர் முதலிடம். வரும் ஞாயிறு பொதுக்குழுவில் பொன்னாடை.' கையெழுத்தைப் பார்த்தால் அவருடையதுதான்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சனிக்கிழமை வரை அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கோமதி அக்கா வீட்டுக்குப் போனேன். விண்ணப்பம் செவ்வாய்க்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். நான் திங்கட்கிழமை காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில் ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

"ஃபாரம் குடுங்கக்கா."

"அதுவா? பரண்ல போட்டுட்டேன்."

"பரண்லயா? எதுக்கு?"

"எதுக்கு பாப்பா அதெல்லாம்?" அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். "நான் ஏதோ எனக்கு ஞாபகம் நல்லா இருக்குன்னு நெனச்சுட்டேன். பதினேழு சொன்னதும் உள்ளுக்குள்ள ஒரே பெருமை. கடைசி ரேங்க்னு பாத்தப்பறம்தான் புரியுது, மத்தவங்க எல்லாம் இருபதும் சொல்லியிருக்காங்க. காலனிலயே இருபத்திமூணு பேர் எனக்கு மேல. ஊர்ல எத்தனை ஆயிரம் பேர் எழுதுவாங்க அந்தப் பரீட்சைய?"

உள்ளே ஹாலிலிருந்து சபாபதி சார் குரல் கொடுத்தார்: "இருபத்திநாலாவது ரேங்க்! ஃபர்ஸ்ட் ரேங்க்குக்கு ஒரு காபி!"

கோமதி அக்கா சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். அவர் அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிவிட்டு ஓடியிருப்பேன். அவர் சிரித்துவிட்டுக் காபிக்குப் பாலை வைத்தார். "நீ சரியாத்தான் பரிசோதிச்சிருக்க. படிச்ச பொண்ணு. உன்ன நான் குத்தம் சொல்லல" என்று வேறு சொன்னார்.

அந்த வீட்டிலேயே சொல்ல நினைத்தேன். சபாபதி சார் ஹாலில் பொன்னாடைக்குப் பொருத்தமான வேட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இரண்டைக் காட்டி எது நன்றாக இருக்கும் என்று கேட்டார். "இடது பக்கம் இருக்கறது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். (நான் கோழை. புத்திசாலிக் கோழை.)

ஞாயிறு காலை பதினொரு மணி. சங்க அறை நிரம்பி, வாசலிலும் ஆட்கள். முனுசாமி அண்ணன் இஸ்திரிப் பெட்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து கதவோரம் நின்றார். முன்னால் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் செகரெட்டரி வீட்டிலிருந்து வந்த நல்ல நாற்காலி ஒன்று. அதில் சபாபதி சார், இடது பக்கத்து வேட்டியில். சங்கத் தலைவர் கையில் மடித்த பொன்னாடை.

"ஆராய்ச்சி செஞ்ச நம்ம வீட்டுப் பொண்ணே இப்ப ரெண்டு வார்த்தை பேசும்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார். மைக் கீச்சென்று கத்தியது.

நான் ஆரம்பித்தேன். பாராமெட்ரிக், நான்பாராமெட்ரிக், மணி, சறுக்குமரம், எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். லலிதா ஆன்ட்டி அம்மாவிடம், "என்ன நெஞ்சழுத்தம் பாருங்க, அரைய குடுத்துட்டு எவ்ளோ பேசறா" என்றது மைக் வரை கேட்டது. மூன்றாவது வரிசையில் கோமதி அக்கா மடியில் கைவைத்து, ஒரு வார்த்தையையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இந்த முறைல... ரேங்க் கீழேர்ந்து போடணும். கம்மியா சொன்னவங்களுக்கு ஒண்ணு. அதிகமா சொன்னவங்களுக்கு இருபத்திநாலு."

அறை அமைதியானது. பஸ் ஸ்டாண்டு டேப்பை ஓட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சபாபதி சார் நிதானமாகக் கேட்டார். "அதாவது?"

"அதாவது சார்... சார்ட்ட தலைகீழா படிக்கணும்."

"அப்போ எனக்கு?"

"நீங்க ஒண்ணு சார்."

"அது தெரியும். தலைகீழா?"

தலைவர் பொன்னாடையைச் சத்தம் போடாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

கதவோரம் முனுசாமி அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "ஏம்மா, எனுக்கு இருபத்திமூணு போட்டிருந்தியே, அப்போ நான் மேலேர்ந்து ரெண்டாவதா? அடி சக்க! ஒரு வாரமா ஒவ்வொரு வூட்லயும் இன்னா முனுசாமி, மக்கு முனுசாமின்னு... சர்தான், நான் ரெண்டாவதுன்னா மொதல்ல யாரு?"

எல்லாத் தலையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது.

கோமதி அக்கா எழுந்தார். "பாப்பா, மத்தவங்க எத்தனை சொன்னாங்க?"

"ஆறு, ஏழு, எட்டுதான்க்கா. உங்களுக்கு அடுத்து அண்ணன் பதினஞ்சு. நீங்கதான் பதினேழு. அதுவும் அந்த டேப் ஓடிட்டிருக்கும்போது."

அவர் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் நேராக மேஜைக்குப் பின்னால் போனார். புருஷன் முன்னால் நின்றார்.

"கொஞ்சம் எழுந்திருங்க."

"எதுக்கு?"

"இந்த நாற்காலி வேணும். பரண் எட்டாது."

சபாபதி சார் எழுந்தார். கோமதி அக்கா நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே நடந்து போனார். முனுசாமி அண்ணன் வழிவிட்டு, "பார்த்து, பார்த்து, ஃபர்ஸ்ட் ரேங்க் போவுது" என்றார். கைதட்டலை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே தட்டியதால் அது இடி மாதிரி கேட்டது.

திங்கட்கிழமை காலை நானும் அக்காவும் சேர்ந்தே தபால் ஆபீசுக்குப் போனோம். பரண் தூசி ஒட்டிய கவரை அவர் முந்தானையால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் என் கதி? நீங்கள் நினைப்பதுதான். சபாபதி சார் சங்க அறையைப் பூட்டிவிட்டார். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்க பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார். காலனி இரண்டாகப் பிரிந்தது. சார்ட்டைத் திருப்பியதும் மேலே போன பதினொரு பேர் என்னைக் கொண்டாடினார்கள். கீழே போன பதினொரு பேர், பெரியவர்களை அவமானப்படுத்த ஆராய்ச்சி ஒரு சாக்கு என்றார்கள். நடுவில் இருந்த அம்மாவுக்கும் லலிதா ஆன்ட்டிக்கும்தான் பெரிய அதிர்ச்சி. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அவர்களுக்குப் பன்னிரண்டரைதான். அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத தோழிகள்.

இரண்டாவது சுற்றை எங்கள் வீட்டு ஹாலில் வைத்தேன். மேலே போன பதினொரு பேரும் இந்த இருவரும் மட்டும் வந்தார்கள். ரோஸ்லின் மேடத்திடம் போய் நின்றேன்.

"கெட்டிக்காரங்க மட்டும் வந்திருக்காங்க, மத்தவங்க கோச்சுட்டாங்க. இப்ப எந்த டெஸ்ட் போடலாம் மேடம்?"

மேடம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. "இதுக்கு எந்தக் கட்சிலயும் டெஸ்ட் இல்ல வித்யா. ரெண்டாவது ரவுண்ட தூக்கிப் போடு. மொதல் ரவுண்ட மட்டும் வச்சு எழுது. அப்புறம் பேரெல்லாம் எழுதி சுவத்துல மாட்டினது என்கிட்ட சொல்லாத, எனக்குத் தெரியாது."

எழுதினேன். சத்தத்தால் ஞாபகசக்தியில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று வந்தது. (தாம்பரத்தில் பஸ் ஏறி இறங்குகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.) வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் ஒரே கேள்விதான் கேட்டார்: டி-டெஸ்ட் போடாமல் ஏன் இந்த முறை? நான் பேச ஆரம்பித்தேன். சறுக்குமரத்தைச் சொன்னேன், உச்சியில் உட்கார்ந்த இரண்டு பேரைச் சொன்னேன். சராசரி என்பது கூட்டத்துக்குள் எல்லோரும் ஒளிந்துகொள்ள வசதியான போர்வை, ரேங்க் அந்தப் போர்வையை உருவிவிடும் என்று சொன்னேன். அதுவரை யாரும் போர்வை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போதும் போதும் என்று கையைக் காட்டுகிறவரை நிறுத்தவில்லை. பாஸ். எங்கள் டிபார்ட்மென்டில் நான்பாராமெட்ரிக் போட்ட முதல் ஆள் நான்தான். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யார் வீட்டுப் பிள்ளை என்ன ரேங்க் வாங்கினாலும், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்: "மேலேர்ந்தா, கீழேர்ந்தா?" என்னைப் பெண் பார்க்க வந்தவர் தான் யூனிவர்சிட்டி ரேங்க் என்று சொன்னபோது அப்பா அதைக் கேட்டுவிட்டார். அவர் விழித்தார், நாங்கள் ஐந்து நிமிடம் சிரித்தோம். (அவரைத்தான் கட்டிக்கொண்டேன். மேலேர்ந்துதான்.)

ஆனால் அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை.

பொதுக்குழு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சாயங்காலம் வாசலில் யாரோ இருமினார்கள். சபாபதி சார். அத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக எங்கள் வாசலில். உள்ளே வரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். டைப்பிஸ்ட் தேர்வுப் பட்டியலின் ஜெராக்ஸ். ஒரு பெயருக்குக் கீழே சிவப்பு இங்க்கில், ஸ்கேல் வைத்து, கோடு போட்டிருந்தார்.

"இதுல கோமதி பேருக்கு நேரா ஏழுன்னு போட்டிருக்கு பாப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது மேலேர்ந்தா, கீழேர்ந்தா?"

"மேலேர்ந்துதான் சார்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் என்னிடமே கொடுத்தார்.

"இன்னொரு தடவை நல்லா பாத்துச் சொல்லு. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லணும்."